செல்போன் கம்பெனி வேலை: ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஓசூர் பக்கம் போகிறவர்களுக்கு

#1 வந்தவாசிப்பெண்

வணக்கம். எங்கள் பக்கம் அடிக்கடி ஆள் எடுக்கும் முகாம் போடுகிறார்கள். ப்ளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ எது முடித்திருந்தாலும் செல்போன் கம்பெனியில் வேலை, சாப்பாடு, தங்க இடம், பஸ் எல்லாம் உண்டு என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். நோட்டீஸில் நல்லது மட்டும்தானே இருக்கும். உள்ளே என்ன வேலை, கையில் எவ்வளவு நிற்கும், எத்தனை வருஷம் தாங்கும், உடம்புக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "நல்ல கம்பெனி, போகலாம்" என்று ஒரு வரியில் முடிக்காமல் விவரமாக எழுதினால் இங்கே படிக்கும் நிறையப் பேருக்கு உதவும்.

#2 சால்டர்பேஸ்ட்

முதலில் ஒன்று. "செல்போன் கம்பெனி வேலை" என்று ஒரே வேலை கிடையாது. ஒரே கட்டடத்துக்குள் நான்கு விதமான வேலை நடக்கும். எதில் போய் நிற்கிறீர்கள் என்பதுதான் அடுத்த ஐந்து வருஷத்தைத் தீர்மானிக்கும்.

எஸ்.எம்.டி. லைன்: வெறும் பச்சைப் பலகையில் சில்லுகளை ஏற்றும் இடம். மெல்லிய உலோகத் தகட்டின் துளை வழியாக சால்டர் பேஸ்ட் எனும் உலோகப் பசையைப் பூசுவார்கள்; சில்லைப் பலகையோடு பற்றவைப்பது இதுதான். பூசிய உயரம் சரியா என்று ஒரு மெஷின் அளக்கும். அடுத்த மெஷின் சில்லுகளை எடுத்து வைக்கும். சில உதிரிபாகங்கள் 0.4 மி.மீ.க்கு 0.2 மி.மீ.தான், மணல் துகள் மாதிரி. பிறகு ரிஃப்ளோ அடுப்பு. ஈயம் இல்லாத சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் உச்சத்தில் 240 டிகிரியை ஒட்டி வைப்பார்கள். வெளியே வரும் பலகையைக் கேமரா மெஷின் சோதிக்கும். இங்கே ஆட்கள் குறைவு, மெஷின்கள் அதிகம். மெஷினுக்குச் சில்லு ஊட்டும் ஃபீடரில் ரீல் மாற்றுவது, பேஸ்ட் கையாள்வது, மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று பார்ப்பது போன்ற வேலை. கற்றுக்கொண்டால் இந்தத் தொழில் எங்கே போனாலும் கை கொடுக்கும். கார் எலக்ட்ரானிக்ஸ், மீட்டர், டிவி, மருத்துவக் கருவி எல்லாவற்றுக்கும் இதே லைன்தான்.

அசெம்ப்ளி: பெரும்பாலானவர்களை இங்கேதான் போடுவார்கள். பலகை, பேட்டரி, கேமரா, டிஸ்பிளே, ஸ்பீக்கர் ஆகியவற்றை ஒரு போனாகக் கூட்டும் நீண்ட லைன். ஒருவருக்கு ஒரு ஸ்டேஷன், ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு செயல். ஸ்க்ரூ இரண்டு போடுவது, ஃபிளெக்ஸ் எனும் வளையும் பட்டைக் கேபிளை அழுத்துவது, ஒட்டும் படலத்தை உரிப்பது என்று.

டெஸ்டிங்: சிக்னல், கேமரா, மைக், டச், சார்ஜிங், நீர் புகாமை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி. நீர் புகாமையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதில்லை. காற்றழுத்தம் கொடுத்து, கசிகிறதா என்று அளப்பார்கள். ஃபெயில் ஆனதைப் பிரித்து, பழுதைச் சரிசெய்யும் ரீவொர்க் பகுதிக்கு அனுப்புவார்கள். ரீவொர்க்கில் இரண்டு வருஷம் இருந்தவருக்குப் போனின் உள்ளுறுப்பு முழுக்க அத்துப்படி.

பேக்கிங்: ஐ.எம்.இ.ஐ. எனும் போன் அடையாள எண் லேபிள், பெட்டி, எடை சரிபார்ப்பு. சார்ஜர் கேபிள் ஒன்று குறைந்தாலும் எடை மெஷின் காட்டிக்கொடுக்கும். உடலுக்கு ஓரளவு எளிது; கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

அசெம்ப்ளி வேகத்தைக் கணக்காகவே பாருங்கள். லைனுக்கு மணிக்கு 300 போன் டார்கெட் என்றால் ஒரு போனுக்கு 12 விநாடி. 8 மணி நேர ஷிஃப்டில் சாப்பாட்டுக்கு 30 நிமிஷம், டீக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிஷம் போக 430 நிமிஷம். ஆக 2,150 போன். ஆளுக்கு இரண்டு ஸ்க்ரூ என்றால் ஒரு நாளில் 4,300 ஸ்க்ரூ. டார்கெட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் வேலையின் தன்மை இதுதான். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு முதல் வாரம் அதிர்ச்சி இருக்காது.

#3 கணக்குப்பிள்ளை

சம்பளக் கேள்விக்கு வருகிறேன். முகாமில் ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். அது கையில் வரும் தொகையா, மொத்தமா, கம்பெனி கட்டும் பி.எஃப்.பையும் சேர்த்த தொகையா என்று அங்கேயே கேளுங்கள். மூன்றும் மூன்று எண்கள்.

உதாரணத்துக்கு மொத்தச் சம்பளம் 17,000, அதில் பேஸிக்கும் டி.ஏ. எனும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 (இனி இதைச் சுருக்கமாகப் பேஸிக் என்கிறேன்) என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தத்தில் 0.75 சதவீதம், 127.50, மேல்நோக்கி முழுமையாக்கி 128. மீதி 15,432. ஹாஸ்டல், சாப்பாட்டுக்கு 2,000 பிடித்தால் 13,432. ஆகவே "இலவச ஹாஸ்டல்" என்றால் உண்மையிலேயே இலவசமா, பிடித்தம் உண்டா, ஊருக்குப் போயிருக்கும் நாளுக்கும் பிடிப்பார்களா என்பது வருஷத்துக்கு 24,000 ரூபாய்க் கேள்வி.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். அந்த 1,440-க்குச் சமமாகக் கம்பெனியும் 1,440 கட்டுகிறது. அதில் பேஸிக்கின் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1,000 பென்ஷன் கணக்குக்குப் போகும். மீதி உங்கள் பி.எஃப்.பில் சேரும். இ.எஸ்.ஐ.க்குக் கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். துணிக்கடையிலோ சின்ன ஆபீஸிலோ இதே பெண் வேலைக்குப் போனால் இவை பல இடங்களில் கிடையாது. செல்போன் கம்பெனி வேலையின் முதல் நன்மை எது என்று கேட்டால், முதல் மாதத்திலிருந்தே எல்லாம் கணக்கில் ஏறும் என்பதைத்தான் சொல்வேன். வங்கிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கப் போகும்போது இந்தப் பே ஸ்லிப் பேசும்.

ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்புச் சம்பளம். மேலே சொன்ன 17,000-ஐ 26 நாளால், பிறகு 8 மணியால் வகுத்தால் மணிக்கு 81.73. மொத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஓ.டி. மணிக்கு 163 ரூபாய்க்கு மேல் வரும். பேஸிக்கை மட்டும் வைத்துப் போட்டால் 115-தான் வரும், எதை வைத்துப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். பே ஸ்லிப்பில் ஓ.டி. மணியும் தொகையும் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள். "இன்சென்டிவ்" என்ற தலைப்பில் மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் சரிபார்க்க வழியே இருக்காது. எத்தனை மணி ஓ.டி. பார்த்தோம் என்று ஒரு சின்ன நோட்டில் தேதியோடு எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

#4 வந்தவாசிப்பெண்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். முகாமுக்கு வருகிறவர்கள் கம்பெனி பெயரைச் சொல்கிறார்கள், ஆனால் ஆர்டரில் வேறு ஏதோ ஏஜென்சி பெயர் இருக்கிறதாம். அப்படியென்றால் யார் கம்பெனி?

#5 தோழர்_காஞ்சி

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான், சகோதரி. ஆர்டரில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்கள் முதலாளி. வாசலில் மாட்டியிருக்கும் போர்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

போனின் பின்பக்கம் இருக்கும் பிராண்டு ஒன்று. அதைச் செய்துதரும் ஆலை இன்னொன்று: சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பெகாட்ரான் தொடங்கிய ஆலை (2025-இல் அதன் பெரும்பங்கை டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கிவிட்டது), ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று. ஆலைக்கு ஆள் கொடுக்கும் ஏஜென்சி மூன்றாவது. இந்த ஏஜென்சி வழியாக வருகிறவர்கள்தான் கான்ட்ராக்ட் தொழிலாளிகள். ஒரே லைனில், ஒரே ஸ்டேஷனில், பக்கத்தில் நிற்பவர் கம்பெனி ரோலில், அதாவது கம்பெனியின் சொந்த ஊழியர் பட்டியலில் இருப்பார், நீங்கள் ஏஜென்சி ரோலில் இருப்பீர்கள்.

சேரும் வழிகள் நான்கு: கம்பெனி ரோல், ஃபிக்ஸட் டேர்ம் எனும் குறிப்பிட்ட கால ஒப்பந்தம், கான்ட்ராக்ட், அப்ரண்டிஸ். அப்ரண்டிஸ் பயிற்சியாளர் மட்டுமே. அவருக்கு வருவது சம்பளம் இல்லை, ஸ்டைப்பண்டு எனும் உதவித்தொகை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. "பிடித்தமே இல்லை, முழுத் தொகை கையில்" என்று முகாமில் பெருமையாகச் சொன்னால், அது அப்ரண்டிஸாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். கற்றுக்கொள்ள ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருப்பது தப்பில்லை, அரசு சான்றிதழும் கிடைக்கும். தெரியாமல் சேர்வதுதான் தப்பு.

தமிழ்நாட்டுக்கென்று 1981-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. இதற்குத்தான் பல இடங்களில் இரண்டு வருஷம் நிறைவதற்குள் ஒப்பந்தத்தை முடித்துவிடுவது, ஏஜென்சியை மாற்றிப் புது ஆர்டர் கொடுப்பது எல்லாம் நடக்கிறது. பழைய ஆர்டர், ஐடி கார்டு நகல், பே ஸ்லிப், வருகைப் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். 480 நாளை நிரூபிக்க வேண்டி வந்தால் அவைதான் சாட்சி.

அப்புறம் 2014-ஐ இந்த வட்டாரம் மறக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் எட்டாயிரம் பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். வரி வழக்கில் சொத்து முடங்கியது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் போனார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் உதிரிபாகம் செய்த கம்பெனிகளிலும் வேலை போனது. உலகத்துக்கே போன் செய்து அனுப்பிய இடம் எட்டே வருஷத்தில் பூட்டு வாங்கியது. தொழிலாளியின் வேலையில் எந்தக் குறையும் இல்லாமலேயே இப்படி ஆகலாம் என்பதால்தான் ரோல், ஆர்டர் என்று இவ்வளவு சொல்கிறேன்.

#6 ஓரகடம்வாசி

தோழர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் 2014-ஐ மட்டும் காட்டினால் படிக்கிறவர்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அன்றைக்கு இந்த வட்டாரம் ஒரே பெரிய கம்பெனியைச் சுற்றி இருந்தது. இன்றைக்கு அசெம்ப்ளி, சார்ஜர், கேபிள், கேமரா மாட்யூல், உறைப் பாகம் என்று பல கம்பெனிகள். அந்தப் பழைய நோக்கியா இடத்தையே பிறகு சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் எடுத்து நடத்துகிறது. ஒரு இடத்தில் வேலை போனாலும் பத்து கிலோமீட்டருக்குள் அடுத்த வாசல் இருக்கிறது.

தங்குமிடமும் மாறியிருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றின் சாப்பாடு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனதும், தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆலை மூடி, 2022 ஜனவரி 12-இல்தான் திறந்தது. அந்தப் பெண்கள் ரோட்டில் உட்காராமல் இருந்திருந்தால் எதுவும் மாறியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அதன் பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டிய 18,720 படுக்கை கொண்ட குடியிருப்பைத் திறந்தார்கள். 706 கோடி ரூபாய்த் திட்டம் அது.

எல்லா ஹாஸ்டலும் அப்படி இல்லை, தனியார் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துவதும் நிறைய. சேரும் முன் ஹாஸ்டலை ஒருமுறை நேரில் பாருங்கள். ஒரு அறைக்கு எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், சமையல் அங்கேயா வெளியிலிருந்து வருகிறதா, கம்பெனிக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம் பஸ் என்றால் 8 மணி ஷிஃப்ட் உண்மையில் 11 மணி ஷிஃப்ட்.

#7 மருந்துச்சீட்டு

உடம்பு பற்றிக் கேட்டிருந்தார்கள்.

நின்றே செய்யும் லைன் என்றால் பாதமும் கணுக்காலும் முதலில் வீங்கும். ஆலையில் கொடுக்கும் ஈ.எஸ்.டி. செருப்பு (உடம்பில் நிலைமின்சாரம் சேராமல் தடுப்பது) பல நேரம் மெல்லிய அடி கொண்டது. அளவு சரியாகக் கேட்டு வாங்குங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிஷமாவது காலை உயர்த்தி வைத்து உட்கார வேண்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வலி வரும். இரவில் விரல் மரத்துப்போய் விழிப்பு வந்தால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அறிகுறி. வலி மாத்திரை போட்டுத் தள்ளிப்போடாமல் ஆலை மருத்துவ அறையில் பதிவு செய்து ஸ்டேஷன் மாற்றம் கேளுங்கள். எழுத்தில் பதிவாக வேண்டும், அதுதான் முக்கியம்.

நிறையப் பெண்களுக்கு வரும் தொல்லை சிறுநீர்த் தொற்று. பாத்ரூம் போக ரிலீவர், அதாவது நம் இடத்தில் நிற்கும் மாற்று ஆள் வர வேண்டும், ரிலீவர் வரும்வரை அடக்குவது, போக வேண்டாமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது. இதில் லைன் லீடரோடு முதல் வாரத்திலேயே பேசி வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் அரை லிட்டர், இடைவேளைகளில் ஒவ்வொரு டம்ளர் என்று பிரித்துக் குடிப்பது உதவும்.

துடைக்கக் கொடுக்கும் திரவம் பெரும்பாலும் ஐ.பி.ஏ. எனும் ஆல்கஹால். கையுறை இல்லாமல் நாள் முழுக்கத் தொட்டால் தோல் வறண்டு வெடிக்கும். பாட்டிலில் பெயர் ஒட்டாத திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள், இது பயமுறுத்தல் இல்லை. 2009-இல் சீனாவின் சுஜோ நகரில் டச் ஸ்க்ரீன் செய்த வின்டெக் ஆலையில் ஆல்கஹாலுக்குப் பதில் சீக்கிரம் காய்கிறது என்று என்-ஹெக்ஸேன் கொடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நரம்பு பாதித்துக் கை கால் மரத்துப்போனது.

இ.எஸ்.ஐ. பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, "சேர்ந்து ஒன்பது மாதம் ஆனால்தான் கிடைக்கும்" என்று. சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சலில் படுத்தால் கிடைக்கும் பண உதவிக்குத்தான் அந்தக் காத்திருப்பு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரை. வேலையில் அடிபட்டால் இந்த நிபந்தனை எதுவும் இல்லை, முதல் நாளிலிருந்து 90 சதவீதம். ஆனால் விபத்து என்று ஆலையின் விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். "சின்னக் காயம்தானே, பிளாஸ்டர் ஒட்டிக்கோ" என்று விட்டுவிட்டால் பிறகு நிரூபிப்பது கடினம். பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண்ணையும் இ-பெச்சான் எனும் இ.எஸ்.ஐ. அடையாள அட்டையையும் முதல் மாதமே வாங்கிவிடுங்கள். டிஸ்பென்சரி உங்கள் ஹாஸ்டல் பக்கம் இருக்கும்படி போடச் சொல்லுங்கள், ஊர் முகவரியில் போட்டுவிடுவார்கள்.

#8 மாமண்டூர்

கல்யாணம் ஆனவர்களை எடுப்பதில்லை என்கிறார்களே, உண்மையா?

#9 தோழர்_காஞ்சி

2024 ஜூனில் ஃபாக்ஸ்கான் ஆலை பற்றி அப்படி ஒரு செய்தி வெளியானது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. கம்பெனி மறுத்தது. நோட்டீஸில் "திருமணமாகாதவர்" என்று அச்சடித்திருந்தால் அந்த நோட்டீஸையே படம் எடுத்து மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் பிடிக்க முடியாது. வேலையில் சேர்ந்தபின் கல்யாணம், குழந்தை என்று வந்தால் 26 வாரப் பேறுகால விடுப்பு உரிமை. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும், அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாள் கட்டியிருந்தால் போதும்.

இரவு ஷிஃப்ட்டையும் சொல்லிவிடுகிறேன். பெண்களை இரவில் வேலை வாங்கக் கூடாது என்ற பழைய தடையை 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது, ஆனால் நிபந்தனைகளோடு. வாகன வசதி கட்டாயம். பகல் ஷிஃப்டிலிருந்து இரவுக்கு மாற்றும்போது நடுவில் 12 மணி நேர ஓய்வு வேண்டும்.

#10 சால்டர்பேஸ்ட்

லைனில் எதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. வார்னிங் லெட்டர் வருவது பெரும்பாலும் இந்த விஷயங்களில்தான்.

ஸ்க்ரூ. ஒரே போனில் 1.3 மி.மீ.யும் 1.7 மி.மீ.யும் அடுத்தடுத்த துளையில் இருக்கும், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் அடியில் பலகையின் கம்பிப் பாதை அறுந்துபோகும், அந்தப் பலகையைக் காப்பாற்றுவது கஷ்டம். கீழே விழுந்த ஸ்க்ரூவைத் திரும்ப எடுத்துப் போடவே கூடாது. ஷிஃப்ட் முடிவில் மீதி எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள். போனுக்குள் சுற்றும் ஒரு ஸ்க்ரூ பேட்டரியைக் குத்தினால் தீ. ஸ்க்ரூ சாய்ந்து இறங்கினால் டிரைவர் "சரி" என்று பச்சை விளக்கு காட்டும், ஆனால் தலை மேலே நிற்கும். விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பார்க்கிறவர் கையில் ரிஜெக்ட் குறைவாக வரும்.

ஃபிளெக்ஸ் கேபிள் கனெக்டர். நேராக வைத்து நடுவில் அழுத்த வேண்டும். ஒரு ஓரம் முதலில் அமர்ந்தால் உள்ளே ஊசி வளையும். "டக்" என்ற உணர்வு விரலுக்கு வரும், ஆலைச் சத்தத்தில் காதுக்குக் கேட்காது.

நிலைமின்சாரம். நமக்குச் சுரீர் என்று உறைக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். சில்லு கெட்டுப்போக 100 வோல்ட்டே அதிகம். அதாவது நமக்குத் தெரியாமலேயே கெடுத்துவிடுவோம். கெட்டது அதே நாளில் தெரிந்தால்கூடப் பரவாயில்லை; சில நேரம் டெஸ்டில் பாஸ் ஆகி, வாங்கியவர் கையில் ஒரு மாதம் கழித்துப் போன் செத்துப்போகும். நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்டிராப் எனும் மணிக்கட்டுப் பட்டை தோலில் படும்படி இறுக்கமாக இருக்க வேண்டும், ஸ்வெட்டர் கை மேல் கட்டக் கூடாது. வாசலில் டெஸ்டர் சிவப்பு காட்டினால் கையில் மாய்ஸ்சரைசர் தடவி மறுபடி அழுத்துங்கள். வறண்ட தோல்தான் பாதி நேரம் காரணம்.

எஸ்.எம்.டி.யில் போகிறவர்களுக்கு: பேஸ்ட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே இருந்த டப்பா அறை வெப்பத்துக்கு வர நான்கு மணி நேரம் விட வேண்டும். அவசரத்தில் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே பனித்து, அடுப்பில் கொதித்துத் தெறித்து, சில்லுகளுக்கு நடுவே சால்டர் குண்டுமணி உருளும்.

கடைசியாக, லாகின். ஒவ்வொரு போனும் எந்த ஸ்டேஷனில், யார் ஐடியில், எத்தனை மணிக்குக் கடந்தது என்று கணினியில் பதிவாகும். ஆறு மாதம் கழித்துப் புகார் வந்தாலும் தேடி எடுப்பார்கள். உங்கள் லாகினில் தோழி வேலை பார்த்தால், அவர் செய்த பிழை உங்கள் பெயரில். ரிலீவர் வரும்போது லாக்-அவுட் செய்துவிட்டுப் போங்கள். இரண்டு விநாடி வேலை.

#11 அண்ணாசாலை

ஆலை இல்லாமல் ஷோரூமில் பிராண்டு ப்ரமோட்டராகப் போவது எப்படி?

#12 ஓரகடம்வாசி

அங்கே உடம்பு அலுப்பு கொஞ்சம் குறைவு, மன அலுப்பு அதிகம். சம்பளத்தில் ஒரு பகுதி விற்பனை எண்ணிக்கையில் நிற்கும். தீபாவளி மாதம் நன்றாக வரும், ஆடியில் வராது. ப்ரமோட்டரும் பெரும்பாலும் ஏஜென்சி ரோல்தான், கடைக்காரர் முதலாளி இல்லை. நாள் முழுக்க நிற்க வைத்தால், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. அதைக் காட்டிக் கேட்கலாம். பேசும் திறமை இருந்து, ஊரிலேயே இருக்க வேண்டியவர்களுக்கு அது ஏற்றது.

#13 கணக்குப்பிள்ளை

வேலையை விடும்போது நடக்கும் பணச் சேதம் பற்றி. இந்தப் பக்கம் இரண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுவது சகஜம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பணம் உதிர்ந்துபோகிறது.

யு.ஏ.என். எனும் பன்னிரண்டு இலக்க பி.எஃப். எண் வாழ்நாளுக்கு ஒன்றுதான். புதுக் கம்பெனியில் "முன்பு வேலை பார்த்ததில்லை" என்று எழுதினால் இரண்டாவது எண் போட்டுவிடுவார்கள், பிறகு இரண்டையும் இணைக்க அலைச்சல். ஆதாரில் இருக்கும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, தந்தை பெயர் அப்படியே பி.எஃப்.பிலும் இருக்க வேண்டும். நம் இனிஷியல் முறைதான் பாதிப் பேருக்குத் தடை: ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பி.எஃப்.பில் முன்னால் விரித்து எழுதியிருக்கும், கிளெய்ம் திரும்பி வரும். சேர்ந்த மாதமே அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து பெயரையும், பணம் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். பே ஸ்லிப்பில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் ஏஜென்சியை மூன்றாவது மாதமே கண்டுபிடித்துவிடலாம்.

விலகிய பின், பழைய கம்பெனி விலகல் தேதியைப் பதிவு செய்ததா என்று பாருங்கள். பணத்தை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுவதே என் யோசனை. ஐந்து வருஷத்துக்குள் எடுத்து, தொகை 50,000-ஐத் தொட்டால் பான் எண் இருந்தாலே 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பென்ஷன் பகுதியையும் எடுத்துவிட்டால் அந்த வருஷங்கள் அழிந்துபோகும். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும்.

கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை: கடைசி பேஸிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். 12,000 பேஸிக், ஐந்து வருஷம் என்றால் 34,615. ஐந்து வருஷம் நிறைய வேண்டும் என்பதுதான் பழைய விதி. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், ஃபிக்ஸட் டேர்ம் ஆட்களுக்கு ஒரு வருஷம் முடிந்தாலே கணக்கு உண்டு. ஆகவே உங்கள் ஆர்டரில் "குறிப்பிட்ட கால ஒப்பந்தம்" என்று இருந்தால், விலகும்போது இதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தர மாட்டார்கள். போனஸும் அப்படித்தான். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே உரிமை உண்டு. தீபாவளிக்கு முன் விலகிப் போனவருக்கும் வேலை பார்த்த காலத்துக்கு உண்டு.

#14 வந்தவாசிப்பெண்

எவ்வளவு விஷயம்! இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். சால்டர்பேஸ்ட் அண்ணா, அசெம்ப்ளியில் போட்டுவிட்டால் அங்கிருந்து மேலே வர வழி இருக்கிறதா?

#15 சால்டர்பேஸ்ட்

இருக்கிறது, ஆனால் தானாக நடக்காது. முதல் ஆறு மாதம் ரிஜெக்ட் குறைவாகவும் லீவு குறைவாகவும் இருங்கள். அடுத்து மூன்று நான்கு ஸ்டேஷன் தெரிந்த ரிலீவராக்குவார்கள். அங்கிருந்துதான் வழி பிரியும். ஆட்களைச் சமாளிக்க வருமென்றால் லைன் லீடர். கண்ணும் பொறுமையும் இருந்தால் ரீவொர்க், குவாலிட்டி. ஐ.டி.ஐ., டிப்ளமோ இருந்தால் எஸ்.எம்.டி., டெஸ்ட் மெஷின் பராமரிப்பு.

ரீவொர்க்குக்கும் குவாலிட்டிக்கும் போகிறவர்கள் ஐ.பி.சி.-ஏ-610 என்ற தரநிலையைக் கற்றுக்கொள்ளுங்கள். சால்டர் எப்படி நின்றால் ஏற்கலாம், எப்படி நின்றால் தள்ள வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். அந்தச் சான்றிதழ் இருந்தால் போன் தொழிலை விட்டு வேறு எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கும் போகலாம். கம்பெனி நடத்தும் பகுதிநேரப் படிப்பு இருந்தால் சேருங்கள், ஆனால் படிப்பு முடிந்தபின் எத்தனை வருஷம் விலகக் கூடாது என்ற பாண்டு உண்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரே ஸ்டேஷனில் இரண்டு வருஷம் நின்று, இரண்டாவது ஸ்டேஷன் கற்காமல் வெளியே வந்தால், அடுத்த கம்பெனியில் மறுபடி முதல் நாள் சம்பளம்தான். இந்த வேலையில் பெரிய பாதகம் என்று நான் நினைப்பது இதைத்தான். நிற்பதும் நைட் ஷிஃப்டும் அதற்குப் பிறகுதான்.

#16 தோழர்_காஞ்சி

முகாமுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி.யைக் "கம்பெனியில் வைத்திருப்போம், விலகும்போது தருவோம்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும், நகல் மட்டும் போதும். ரிஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், மெடிக்கல் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அது வேலை இல்லை, வசூல். முகாமுக்கு வந்தவரின் பெயர், ஏஜென்சி பெயர், லைசென்ஸ் எண் மூன்றையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

#17 மருந்துச்சீட்டு

சேரும் முன் மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு பார்ப்பார்கள். ரத்தச்சோகை இருக்கிறதா என்று ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒரு மாதம் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அங்கேயே இரும்புச்சத்து மாத்திரை இலவசம். அதைச் சரிசெய்யாமல் நின்று பார்க்கும் வேலைக்குப் போனால் முதல் நைட் ஷிஃப்டிலேயே மயக்கம் வரலாம்.